தேன் நிறக் கிண்ணம்

வியாழன் காலை எட்டு நாற்பது. பல்கலைக்கழகத்து ஜப்பானியத் துறையின் தேநீர் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஓய்வுபெற்ற பேராசிரியை ஹில்யா ரவுட்செப். அவருடைய தம்பி மகனும் உதவி விரிவுரையாளருமான தாவெத். துறைத்தலைவர் ஊர்மாஸ். செயலர் கெர்ஸ்டி. ஜப்பானின் கனசாவாவிலிருந்து வந்து இங்கே தேநீர்ச் சடங்கு கற்பிக்கும் ஆசிரியை ஹொரிகோஷி; எல்லோரும் அழைப்பது 'சென்செய்' என்று.

அலமாரியிலிருந்து எடுத்த மரப்பெட்டியின் நாடா முறைப்படி கட்டியிருந்தது. ஹில்யா அவிழ்த்தார். வெந்நீர் ஊற்றுமுன் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தாக வேண்டிய கிண்ணம் உள்ளே இல்லை.

ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் கனசாவாக் குயவர் ஒருவர் ஹில்யாவின் அப்பாவுக்குத் தந்த தேன் நிறக் கிண்ணம். அறைக்கே அப்பாவின் பெயர்தான். பதினோரு மணிக்கு அந்தக் குயவரின் மகள் வருகிறார், அதில் ஒரு வாய் தேநீர் குடிக்க.

"மணி என்ன?" என்றான் தாவெத்.

"எட்டே முக்கால்." ஊர்மாஸ் தன் கைக்கடிகாரத்தைத் தட்டினார். "புரொபசர், ஊர்ல ஏற்கனவே ஒரு பேச்சு இருக்கு. உங்க வீட்டுக்குப் புதுக் கூரை போட்டீங்களே, அது கிண்ணத்தை வித்த காசுன்னு."

ஹில்யாவின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. எழுபத்துநாலு வயதில் அது வலித்தது.

"அலமாரிச் சாவி யார்கிட்ட?"

"என் டிராயர்ல," என்றாள் கெர்ஸ்டி. "டிராயரைப் பூட்டறதில்ல. எல்லாருக்கும் தெரியும். நேத்து மதியம் கிண்ணத்தை நானே பார்த்தேன்."

"கெர்ஸ்டி, மணி ஒன்பது ஆயிடுச்சா?" என்றான் தாவெத்.

ஒன்பது பத்து. பாத்திரம் கழுவும் சிற்றறையில் ஹில்யா ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்.

"நேத்து நாலு மணிக்குப் பயிற்சி," என்றார் ஹொரிகோஷி. "பயிற்சிக் கிண்ணம்தான். மோதிரம், கடிகாரம் எதையும் யாரும் கழட்டல. இருபது யூரோ கிண்ணத்துக்கு எதுக்கு அந்த மரியாதைன்னு நானும் விட்டுட்டேன். அஞ்சரைக்குக் கிளம்பினேன். துடைச்சு வைக்க தாவெத் இருந்தார்."

அடுத்து ஊர்மாஸ். "ஆறு மணி வாக்குல எட்டிப் பார்த்தேன். யாரும் இல்ல. கோவிச்சுக்காதீங்க, அந்த ஜப்பான்காரம்மா அலமாரியப் பார்க்கிற பார்வையே சரியில்ல. ஊருக்குக் கொண்டுபோக நினைச்சிருக்கலாம்."

"பாயில பத்து நிமிஷம் உக்காந்தா உனக்குக் கால் மரத்துப்போகும். இப்ப மூளையுமா, ஊர்மாஸ்?"

ஆனால் அந்தச் சந்தேகத்தை அப்படியே வளரவிட்டால் வீட்டுப் பெயர் தப்பிக்கும். ஹில்யாவுக்கு அது தெரியாமல் இல்லை.

ஒன்பது ஐம்பது. தாவெத்.

"துடைச்சு வெச்சேன், போயிட்டேன். அலமாரிப் பக்கமே போகல, அத்தை." சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். "இப்ப மணி என்ன?"

ஹில்யா அவன் மணிக்கட்டைப் பார்த்தார். நாற்பது ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவர். காப்பியடித்தவன் யாரென்று தெரிந்துவிட்ட நிமிடத்தில் வரும் களைப்பு அவருக்குப் பழக்கம்தான். எல்லோரையும் கூப்பிட்டார்.

"திருடன் நாடாவை இவ்வளவு அழகாக் கட்டமாட்டான். கட்டத் தெரிஞ்சவங்க, என்னை விட்டா ரெண்டே பேர். சென்செய், இல்லன்னா தாவெத்."

"அதான் நான் அப்பவே..." என்றார் ஊர்மாஸ்.

"இரு. காலையிலேர்ந்து இவன் மூணு தடவை மணி கேட்டுட்டான். எங்கப்பாவோட கடிகாரத்தைக் குளிக்கிறப்பகூடக் கழட்டாதவன். இன்னைக்கு மணிக்கட்டுல வெள்ளைத் தடம் மட்டும்தான் இருக்கு. பயிற்சியில யாரும் கழட்டலன்னு சென்செய் சொல்றாங்க. கீறல் விழக் கூடாதுன்னு கடிகாரத்தைக் கழட்டி வெச்சுட்டுத் தொடுற கிண்ணம் இங்க ஒண்ணுதான். திருட வந்தவன் அதையெல்லாம் பார்க்கமாட்டான். தேநீர் போட உக்காந்தவன்தான் பார்ப்பான். எடு, தாவெத்."

தாவெத் தன் பையிலிருந்து ஒரு கம்பளித் துண்டை எடுத்து விரித்தான். ஐந்து சில்லுகள். நடுவில் கடிகாரம்.

"இன்னைக்கு அந்தம்மா முன்னாடி கை நடுங்கக் கூடாதுன்னு ஒரு தடவை பழகிப் பார்த்தேன். ஊறவைக்க மறந்துட்டேன். வெந்நீர் பட்டதும் பிளந்துடுச்சு. அதுக்கப்புறம் தாத்தா கடிகாரத்தை மாட்டிக்க மனசு வரல, அத்தை."

"கண்காட்சிக்கு அனுப்பியிருக்கோம்னு சொல்லிடலாமே?" என்றார் ஊர்மாஸ், மெதுவாக.

"எங்க வீட்டுக்காக நீ பொய் சொல்ல வேண்டாம்."

பதினோரு மணி. குயவரின் மகளுக்கு எண்பது வயதிருக்கும். ஹில்யா அவர்முன் மண்டியிட்டுத் துண்டை விரித்தார். "எங்க வீட்டுப் பையன் உடைச்சுட்டான்." அருகில் தாவெத்தின் நெற்றி பாயைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கிழவி ஒரு சில்லை எடுத்து, உடைந்த விளிம்பை விரலால் தடவினார்.

"வெந்நீரா?"

"ஆமாம்."

"அப்பா சூளையைத் திறக்கிறப்பவே பாதி இப்படித்தான் கிடக்கும். வேற கிண்ணம் இல்லையா? ரொம்ப தூரத்திலேர்ந்து வர்றேன், தொண்டை காயுது. இவனே போடட்டும்."

ஹொரிகோஷி பயிற்சிக் கிண்ணம் ஒன்றை எடுத்து வந்தார்.

"கடிகாரத்தை மாட்டிக்கோ," என்றார் ஹில்யா. "இதுக்குக் கழட்ட வேண்டியதில்ல."

ரவுட்செப் குடும்பம் கிண்ணத்தை விற்றுக் கூரை மாற்றியதாக ஊரில் இன்னும் பேசுகிறார்கள். அது தவறு. கூரை மாறியது ஹில்யாவின் ஓய்வூதியத்தில். கிண்ணம் உடைந்தது வெந்நீரில். உடைத்தவன் பெயர் தாவெத் ரவுட்செப்.