பதினோரு பைகளும் ஒரு மஞ்சப்பையும்

குடவாசல் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் சவரிராஜ், அந்த வாரம் வாடிக்கையாளர் துணி ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஒரே வாரத்தில் பதினோரு ரகசியப் பைகளைத் தைத்தார். அத்தனையும் சொந்தக் குடும்பத்துக்கு!

அவருடைய பேன்ட்டுக்குள் நான்கு, சட்டைக்குள் மூன்று. மனைவி அருள்ஜோதியின் பாவாடையில் இரண்டு. பத்து வயது மகள் பிரின்ஸியின் கவுனில் இரண்டு. எல்லாவற்றுக்கும் அழுத்துப் பட்டன் வேறு.

"அப்பா, குனிஞ்சா டப்புனு ஒரு பட்டன் திறக்குது. நிமிர்ந்தா இன்னொண்ணு திறக்குது" என்றாள் பிரின்ஸி.

"நீ ஏன் குனியுற? ரோமுக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் நிமிர்ந்தே இரு" என்றார் அப்பா.

ஆமாம், ரோம். அப்பாவின் தங்கை எழில்மொழி அத்தை அங்கே ஒரு கன்னியர் மடத்தில் சிஸ்டராக இருக்கிறார். வாழ்நாள் முழுவதும் சிஸ்டராகவே இருப்பேன் என்று அவர் கோயிலில் வாக்குக் கொடுக்கும் நாள் வந்துவிட்டது. மடத்திலேயே மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அத்தை போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அண்ணே, கோயில் பீடத்து மேல விரிக்க ஒரு துணி தைச்சுக் கொண்டாங்க. அதுல நம்ம ஊரு நெல்லு இருக்கணும். வாக்குப் பத்திரத்தை அது மேல வெச்சுத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

அப்பா வெள்ளைத் துணியை வெட்டி ஓரம் அடித்தார். அம்மா இரண்டு மாதம் உட்கார்ந்து, சுற்றிலும் நெற்கதிர் எம்ப்ராய்டரி போட்டார். ஒரே ஒரு கதிர் மட்டும் பிரின்ஸி போட்டது. அது கொஞ்சம் கோணிக்கொண்டது. "பரவாயில்ல, காத்துல சாஞ்ச கதிருன்னு நினைச்சுக்குவாங்க" என்று அம்மா சொல்லிவிட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கப்பலில் வேலை பார்த்துத் திரும்பிய காயாரோகணம், பேன்ட்டைச் சுருக்கக் கடைக்கு வந்தாரே, அன்றைக்குப் பிடித்தது சனி.

"ரோமுக்கா போறீங்க? ஐயையோ! ரயில்ல ஏறுனா பர்ஸ் காலி. அசந்தா தலைமுடியக்கூட விட மாட்டானுங்க!"

சவரிராஜுக்கு முழு வழுக்கை. இருந்தாலும் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். பதினோரு பைகளும் அன்றைக்கே ஆரம்பித்தன.

அதோடு நிற்கவில்லை. ஒரு டம்மி பர்ஸும் தயார் செய்தார். அதற்குள் இரண்டு பழைய பஸ் டிக்கெட்டும் ஒரு உடைந்த பட்டனும் வைத்துப் பின் பாக்கெட்டில் செருகிக்கொண்டார்.

"திருடன் இதை எடுத்துட்டு ஓடுவான். வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்துட்டு அழுவான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பீடத்துத் துணி மட்டும் எந்தப் பைக்குள்ளும் அடங்கவில்லை. அதற்கும் அவரிடம் யோசனை இருந்தது. கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுக் கொடுத்த மஞ்சப்பை ஒன்றில் அதை மடித்து வைத்தார்.

"மஞ்சப்பையை எவன் திருடுவான்?"

புறப்படுவதற்கு முந்தின நாள் அப்பாவும் பிரின்ஸியும் நூல் வாங்கக் கும்பகோணம் போனார்கள். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. எப்படியோ பிரின்ஸிக்கு மட்டும் ஒரு சீட் கிடைத்தது. அவள் சரியாக உட்காருவதற்குள் மடியில் ஒரு ஸ்கூல் பை வந்து விழுந்தது. அதன் மேல் ஒரு டிபன் கேரியர். அதற்கு மேல் ஒரு அம்மாவின் கூடைப் பை. அதிலிருந்த முருங்கைக்கீரை பிரின்ஸியின் மூக்கில் குத்தியது.

யாருடைய பை, என்ன பெயர், ஒன்றும் தெரியாது. நிற்பவர்கள் கொடுப்பார்கள், உட்கார்ந்திருப்பவர்கள் வைத்துக்கொள்வார்கள். அந்தப் பஸ்ஸில் அதை யாரும் ஒரு பெரிய விஷயமாகவே நினைப்பதில்லை. பிரின்ஸியும் தும்மிக்கொண்டே மூன்றையும் பத்திரமாகக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

ரோமில் அத்தை விமான நிலையத்துக்கே வந்து கட்டிக்கொண்டார். துணியை அப்போதே கேட்டதற்கு, "இஸ்திரி போட்டு நானே கொண்டாந்து கொடுக்குறேன்" என்று அப்பா மஞ்சப்பையை விடவில்லை. ஆனால் மறுநாள் காலை அவருக்குக் கோயிலில் ஒத்திகை இருந்தது. "பதினோரு மணிக்குள்ள துணியைக் கொண்டாந்துடுங்கண்ணே. அலங்காரம் பண்றவங்க அதுக்காகத்தான் காத்திருப்பாங்க. விழா சாயங்காலமே இருக்கு" என்று சொல்லி, இறங்க வேண்டிய ஸ்டேஷன் பெயரையும் கோயில் விலாசத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூவரும் தரைக்கடியில் ஓடும் மெட்ரோ ரயிலில் ஏறினார்கள். அடேயப்பா, என்ன கூட்டம்! அப்படியே கும்பகோணம் பஸ்தான்.

"அருளு, பாவாடைப் பையைப் பிடிச்சுக்க. பிரின்ஸி, குனியாத!" என்று அப்பா மெல்லிய குரலில் கட்டளை போட்டபடியே வந்தார். ஒரு கை பேன்ட்டில், ஒரு கை சட்டையில், மஞ்சப்பை மணிக்கட்டில். ரயில் ஒரு குலுக்குக் குலுக்கியது. மேலே கம்பியைப் பிடிக்க அவருக்கு மூன்றாவது கை இல்லை.

அப்போதுதான் அது நடந்தது. எதிரே சீட்டில் பழைய நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அப்பா யோசிக்கவே இல்லை. கையிலிருந்த மஞ்சப்பையை எடுத்து அந்தப் பெண்ணின் மடியில் வைத்தார். "கொஞ்சம் வெச்சுக்கங்கம்மா" என்று தமிழில் சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் திருதிருவென்று விழித்தார். அப்பா அதைக் கவனிக்கவில்லை. அம்மாவும் பிரின்ஸியும் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு, ஸ்டேஷன் பெயரைத் தாளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இதுதாங்க, இறங்குங்க!" என்றார் அம்மா.

முட்டி மோதி இறங்கினார்கள். இறங்கியதும் அப்பா பின் பாக்கெட்டைத் தடவினார். அவர் முகம் பூவாய் மலர்ந்தது.

"அருளு! டம்மி பர்ஸைக் காணோம்! எவனோ சுட்டுட்டான்!" என்று துள்ளிக் குதித்தார். "மாட்டுனான் பாரு! பஸ் டிக்கெட்டை வெச்சுக்கிட்டு என்னடா பண்ணுவ!"

பர்ஸ் திருட்டுப் போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை அந்த ஸ்டேஷன் பார்த்திருக்காது. பின்னால் ரயில் கதவு சாத்திக்கொண்டது.

"அப்பா," என்றாள் பிரின்ஸி, "மஞ்சப்பை எங்க?"

அப்பாவின் குதிப்பு அந்தரத்தில் நின்றுபோனது.

ரயில் நகர்ந்தது. கண்ணாடிக்குள் நீலக் கோட்டுப் பெண் எழுந்து நின்று, மஞ்சப்பையைத் தூக்கிக் காட்டி, கையை ஆட்டி ஏதோ கத்திக்கொண்டே போனார்.

"ஐயோ! ரெண்டு மாச வேலைங்க அது!" அம்மாவின் குரல் உடைந்தது. "எழிலு அது மேல வெச்சுத்தானே கையெழுத்துப் போடணும்னு ஆசைப்பட்டுச்சு!"

"பஸ்ஸுன்னு நினைச்சுட்டேன்டி. நம்ம பஸ்ஸுன்னு நினைச்சுக் கொடுத்துட்டேன்" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். பாஸ்போர்ட், பணம் எல்லாம் பதினோரு பைகளில் பத்திரமாக இருந்தன. போகக் கூடாத ஒன்றுதான் போய்விட்டது.

"அடுத்த ரயில்ல ஏறித் துரத்துவோம், வாங்க!" என்று அப்பா கிளம்பினார்.

பிரின்ஸி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். டப்பென்று ஒரு பட்டன் திறந்தது.

"வேண்டாம்ப்பா. இங்கயே நிப்போம்."

"இங்க நின்னு என்ன பண்ண?"

"வேளாங்கண்ணித் திருவிழாவுல நான் காணாமப் போனேன்ல? அப்ப நீங்க என்ன சொல்லிக் கொடுத்திருந்தீங்க?"

அப்பாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பிரின்ஸிக்கு அப்போது ஐந்து வயது. அந்தக் கூட்டத்தில் அவள் எங்கேயும் ஓடவில்லை. கை நழுவிய இடத்திலேயே, மெழுகுவத்திக் கடை ஓரத்தில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். அதனால்தான் அரை மணியில் கிடைத்தாள்.

"எங்கள எங்க விட்டியோ அங்கயே நில்லுன்னு சொன்னேன். ஆனா இப்ப நாம காணாமப் போகலையே. பைதானே போயிருக்கு?"

"நமக்குத்தான் பை காணாமப் போயிருக்கு. அந்த அம்மாவுக்கு நாமதான்ப்பா காணாமப் போனவங்க. நம்மளத் தேடணும்னா அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே இடம் இதுதான்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். "ஏங்க, புள்ள சொல்றது சரிங்க. நில்லுங்க."

நின்றார்கள். ஒரு ரயில் வந்தது, போனது. இரண்டாவதும் வந்து போனது. அப்பா ஒவ்வொரு கதவையும் எட்டி எட்டிப் பார்த்தார்.

"அவங்க வராட்டி?" என்று மெதுவாகக் கேட்டார்.

பிரின்ஸி ரயில் போன பக்கத்தையே பார்த்தாள். "முருங்கைக்கீரைப் பையை மறந்துட்டு அந்த அம்மா இறங்கிப் போயிருந்தா, நான் என்னப்பா பண்ணியிருப்பேன்? திருப்பிக் கொடுக்கத்தானே பார்த்திருப்பேன்?"

மூன்றாவது ரயிலும் போனது. கடிகாரம் பத்து முப்பதைத் தாண்டியது. அப்போதுதான் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், எதிர்த் திசை ரயில் ஒன்று வந்து நின்றது. அது போனதும் பார்த்தால், எதிர் பிளாட்பாரத்தில் நீலக் கோட்டு! தலைக்கு மேலே மஞ்சப்பை!

"அம்மா! அம்மா! இங்க!" என்று அப்பா கூச்சல் போட்டார். போட்ட வேகத்தில் மாடிப்படியை நோக்கி ஓடினார். அந்தப் பெண்ணும் அந்தப் பக்கத்துப் படியை நோக்கி ஓடினார்.

"அப்பா, நில்லுங்க! நீங்க அங்க போவீங்க, அவங்க இங்க வந்துடுவாங்க!"

அப்பா நின்றுவிட்டார். அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது? பிரின்ஸிக்கு அந்த ஊர் மொழி தெரியாது. ஆனால் உட்காரத் தெரியும். சட்டென்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அம்மாவையும் இழுத்து உட்கார வைத்தாள். அப்பாவும் ஓடிவந்து உட்கார்ந்தார். டப், டப், டப்பென்று பட்டன்கள் திறந்தன.

அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. நாங்கள் இங்கேயேதான் இருப்போம், நீங்கள் வாங்க! அவர் சிரித்துக்கொண்டே படியேறினார்.

இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். மஞ்சப்பையை இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டினார். வெள்ளைத் துணி வைத்த மடிப்புக் கலையாமல் இருந்தது. அம்மா அந்தப் பெண்ணின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நன்றி சொல்ல அத்தை சொல்லிக் கொடுத்திருந்த சொல் அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு நழுவிவிட்டது.

"கிரேஸி! ரொம்ப கிரேஸிங்க!"

"அப்பா, கிரேஸி நம்ம பக்கத்து வீட்டு அக்கா. இது கிராத்சியே!" என்றாள் பிரின்ஸி. பிறகு அவளே அந்தப் பெண்ணைப் பார்த்து, "கிராத்சியே" என்று சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

விலாசத் தாளைப் பார்த்ததும் அந்தப் பெண் வாங்க என்று கையசைத்துக் கோயில் வரைக்கும் கூடவே வந்தார். வாசலில் அத்தை கவலையோடு நின்றுகொண்டிருந்தார். அப்போது மணி பதினொன்றுக்கு ஐந்து நிமிடம்.

நடந்ததைக் கேட்ட அத்தைக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. அந்தப் பெண் படபடவென்று ஏதோ கேட்டார். அத்தை தமிழில் சொன்னார்.

"இவங்க பேரு லூச்சியா. ஆஸ்பத்திரியில தரை துடைக்கிற வேலை. பையில என்ன இருக்கோன்னு முதல்ல பயந்தே போயிட்டாங்களாம். முன்னப்பின்ன தெரியாத தன்கிட்ட ஏன் பையைக் கொடுத்தாருன்னு கேக்குறாங்க."

அப்பா தலையைச் சொறிந்தார். பதில் பிரின்ஸியிடமிருந்து வந்தது.

"நீங்க உட்கார்ந்திருந்தீங்களே, அதான்."

அத்தை அதை அப்படியே சொன்னார். லூச்சியா மஞ்சப்பையை ஒருமுறை தடவினார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார்.

"இந்தப் பழைய கோட்டைப் பார்த்துட்டு, அவங்க பக்கத்துல வந்து உட்கார்றவங்க எல்லாம் தங்களோட பையை இறுக்கிப் பிடிச்சுக்குவாங்களாம். இத்தனை வருஷத்துல, தானாக் கொண்டாந்து கொடுத்தது அண்ணன் ஒருத்தர்தானாம்" என்றார் அத்தை. "வேலைக்கு நேரமாயிடுச்சாம், பரவாயில்லைங்குறாங்க."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று சாயங்காலம் பீடத்தின் மேல் நெற்கதிர்கள் தங்கமாய் மின்னின. அத்தை கையெழுத்துப் போட்டபோது அவர் கை சரியாகக் கோணல் கதிரின் மேல் இருந்தது. வேலை முடிந்து அதே நீலக் கோட்டோடு வந்த லூச்சியாவை, பிரின்ஸி கையைப் பிடித்து முதல் வரிசைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஊர் திரும்பியதும் அப்பா செய்த முதல் வேலை, கெட்டித் துணியில் புதிதாக ஒரு மஞ்சப்பை தைத்ததுதான். அம்மா அதில் நெற்கதிர் போட்டார். பிரின்ஸியும் ஒன்று போட்டாள். இதுவும் கோணல்தான். ரோமுக்குக் கிளம்பிய ஒரு சிஸ்டரிடம் அதை லூச்சியாவுக்குக் கொடுத்து அனுப்பினார்கள்.

ஒரு மாதம் கழித்து, கும்பகோணம் பஸ்ஸில் அப்பாவின் போன் ஒலித்தது. பிரின்ஸி மடியில் இரண்டு பைகளோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா பக்கத்தில் நின்றபடி ஏழு ரகசியப் பைகள் தைத்த அந்தப் பழைய பேன்ட் சட்டையில் போனைத் தேடினார். ஏழாவது பையில் கிடைத்தது.

அத்தை ஒரு படம் அனுப்பியிருந்தார். மெட்ரோ ரயில் சீட்டில் லூச்சியா சிரித்துக்கொண்டிருந்தார். மடியில் நெற்கதிர் போட்ட மஞ்சப்பை. அதன் மேல் இன்னொரு கறுப்புப் பை.

"அது யாரோடதுப்பா?"

அப்பா கீழே எழுதியிருந்ததைப் படித்தார். "எனக்கு உட்கார இடம் கிடைக்கலண்ணே. லூச்சியா அம்மா என் பையை அவங்களாவே கேட்டு வாங்கி வெச்சுக்கிட்டாங்க."

பிரின்ஸி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, கூட்டத்தில் தள்ளாடிக்கொண்டு நின்ற ஒரு அக்காவைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அக்கா, அந்தப் பையையும் இப்படிக் குடுங்க!"