எழவுத் தண்ணி

மீனம்மா விளக்குமாற்றைக் கையில் எடுத்ததுதான் தாமதம், மருமகள் சுலக்ஷனா அதை வெடுக்கென்று பறித்து வாசலில் எறிந்தாள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருந்தாள். அதோடு விட்டாளா? பீலிக் குழாயில் பிடித்து வந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அந்தத் தோட்ட லயத்தின் ஒற்றை அறைக் காம்பரா முழுவதையும் நனைத்துவிட்டாள்.

"பாடையத் தூக்குன வீட்டத்தாண்டி இப்பிடித் தண்ணி ஊத்திக் கழுவுவாங்க... இன்னைக்கு வெள்ளிக்கெழம. எம்மக தனுஜா பிரசவத்துக்கு வர்ற நேரம். அவ வரக்கூடாதுன்னுதானே செய்யுற?"

சுலக்ஷனா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் புருஷன் தலைதான் உருளும். புகைபோக்கி வைக்கிறேன் என்று நேற்று சாயந்தரம் அம்மா இல்லாத நேரம் பார்த்துக் கூரையின் பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டை மரம் அறுக்கும் வாளால் அறுத்தவன் வினோஜன்தான்.

"வேணாங்க... சும்மா கெடந்தா சீட்டு ஒண்ணும் செய்யாது. அறுத்தா அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போயி தங்கிரும்னு ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ் சொன்னாங்க" என்று அவள் கெஞ்சக் கெஞ்சச் சிரித்தான். "பொறந்ததுலருந்து இதுக்குக் கீழதானே தூங்குறேன்" என்றான், பெரிய மேதாவி!

இப்போது பச்சைப்பிள்ளை படுக்கப்போகிற மூலையெல்லாம் வெள்ளைத் தூசி. காய்ந்ததைக் கூட்டினால் காம்பரா முழுக்கப் பறக்கும். அவள் ஈரத் துணியால் துடைத்து, துணியோடு பைக்குள் போட்டுக் கட்டினாள்.

"வாயத் தொறக்குறாளா பாரு. டேய், இவள அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிரு. எம்மக வரும்போது இவ இங்க இருக்கக் கூடாது."

வாசலில் நின்ற வினோஜனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அம்மா... சீட்ட அறுத்து வீடு பூரா பச்சப்புள்ளைக்கு ஆகாத விஷத் தூசியக் கொட்டுனது நான். அவ வேணாம் வேணாம்னு சொன்னா. எனக்கு விழ வேண்டிய ஏச்ச அவ வாங்கிக்கிட்டு நிக்கிறா."

மீனம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போய் நிறையப் பிடித்து வந்தாள்.

"போதும், வெளிய வா. புள்ளைக்கு ஆகாத தூசி ஒனக்கு மட்டும் ஆகுமாடி?"

கட்டிக்கொள்ள வந்தவளைச் சுலக்ஷனா கைநீட்டித் தடுத்தாள். "கிட்ட வராதீங்க அத்தை... உடுப்பெல்லாம் தூசி."

மீனம்மா அந்த வாளித் தண்ணீரை மருமகள் தலையில் ஊற்றினாள். ஈரம் சொட்டச் சொட்ட அவளை இழுத்து அணைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அழுகையோடே மகனைப் பார்த்துச் சொன்னாள்:

"தங்கச்சிக்குப் போன் போடுடா. அவ அண்ணி எப்ப வரச் சொல்றாளோ, அப்ப வந்தாப் போதும்னு சொல்லு."