கேப்டனுக்குப் போட்ட வெந்நீர்

தாவெத் இன்னும் யாரையும் உள்ளே அழைத்துப் போகவில்லை. அதற்குள், ஆவியில் குளிக்கும் வேதுக் குடிசைக்குள் யாரோ சூட்டுக் கல்மேல் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஓர் அகப்பைத் தண்ணீர்தான் இருக்கும். உஸ்ஸென்று இழுத்து அடங்கியது, மறுபடியும் உஸ்ஸென்றது. பீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்தவன் பாதி வழியில் நின்றுவிட்டான்.

சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பதற்குள் இருட்டிவிடும் நவம்பர் மாலை அது. குதிரைவண்டி வந்த சத்தம் இல்லை. வாசல் படல் சாத்தினது சாத்தினபடி இருந்தது. குடிசையிலிருந்து புகை வாசனையும் வெந்த பிர்ச் இலை வாசனையும் வந்தன. அவற்றுக்கு அடியில் அழுகிய கடற்பாசி வாடை ஒன்றும் மெல்லப் புரண்டு வந்தது. குளிக்க வரச் சொல்லியிருந்த ருஷ்ய கேப்டன் கடற்கரை வழியாக நடந்தே வந்துவிட்டார் போல என்று தாவெத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொன்ன கையோடு தொப்பியைக் கழற்றினான். பார்க்க ஆளே இல்லாத இருட்டில் ஒரு கதவுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றுகிற ஜென்மம் அவன்.

அதில் அவனுக்கு நல்ல பழக்கம் உண்டு. முதலில் ருஷ்யர்கள் சாரெமா தீவுக்கு வந்தபோது கழற்றினான். அடுத்த வருஷம் ஜெர்மானியர்கள் வந்து அவர்களைத் துரத்தியபோது கழற்றினான். போன மாதம் ருஷ்யர்கள் திரும்பி வந்து ஜெர்மானியர்களைத் தீவின் தெற்கு மூலைக்குத் தள்ளியபோது இன்னொரு தரம் கழற்றினான். தொப்பிக்கு அடியில் இருந்தது பேருக்குக்கூட ஒரு முடி இல்லாத வழுக்கை. அதைக் காட்டிக் குனிந்து, "வாங்க வாங்க, உங்க வீடுதான் இது, எல்லாம் தயாரா இருக்கு" என்பான். வந்தவர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? இரண்டு கூட்டமும் தீவை விடுவிக்கத்தான் வந்ததாம். விடுவித்துவிட்டுப் பன்றியைக் கொண்டுபோனார்கள், குதிரையைக் கொண்டுபோனார்கள், கடைசியில் பையன்களையும் கொண்டுபோனார்கள்.

மற்றவர்கள் பையன்களைக் காட்டில் ஒளித்து வைத்தார்கள். "காட்டுல கிடந்து பேன் பிடிச்சுச் சாகவா?" என்று தாவெத் அவர்களைப் பார்த்துச் சிரித்தான். ருஷ்யர்கள் ஆள் எடுத்தபோது மூத்தவன் ஆர்வெத்தைத் தானே வண்டி கட்டிக் கூட்டிப்போய் நிறுத்தினான். வைக்கோல் வெட்டும் கத்தியில் இடது சுண்டுவிரல் பாதி போன பையன் அவன். பட்டாளத்து டாக்டர் வேண்டாமென்று தலையாட்டினார். துப்பாக்கி பிடிக்கச் சுண்டுவிரல் எதுக்குங்க என்று கெஞ்சி அனுப்பி வைத்தது இந்தத் தகப்பன்தான். ஜெர்மானியர்கள் ஆள் எடுத்தபோது சின்னவன் எண்டெல் போனான். அம்மா எத்தனை திட்டினாலும் வெட்டாத சுருட்டை முடிக்காரன். எவன் ஜெயித்தாலும் ஜெயித்தவன் சட்டையில் ஒரு மகன் வாசலில் நிற்பான், நிலம் தப்பிக்கும் என்று தாவெத் நினைத்தான். அதை மூளை என்று வேறு நம்பிக்கொண்டிருந்தான்.

ஜெர்மானியர்களிடம், "எனக்கு ஒரே மகன், எண்டெல்" என்றான். இப்போது ருஷ்ய கேப்டனிடம், "எனக்கு ஒரே மகன், ஆர்வெத்" என்று சொல்லி வைத்திருக்கிறான். கேப்டனுக்கு உச்சி குளிர்ந்தால் ஆர்வெத்தைத் தேடிப் பிடித்து வீட்டுக்கு அனுப்புவார். எண்டெலின் பேர் அவர் காதில் விழுந்தால் குடும்பத்தோடு சைபீரியாதான். அதற்குத்தான் இந்தக் குளியல் ஏற்பாடு.

காலையில் குடிசை அடுப்பை மூட்டச் சொன்னபோது மனைவி மாரெட் மாட்டேன் என்றுவிட்டாள்.

"இது செத்தவங்க மாசம்யா. இப்ப மூட்டினா அவங்களுக்குத்தான் மூட்டணும். தண்ணியும் இலைக்கொத்தும் வச்சு, வாங்க, எல்லாம் தயாரா இருக்குன்னு சொல்லிட்டு, திரும்பிப் பாக்காம வந்துடணும். அப்புறம் உசுரோட இருக்கிறவங்க யாரும் உள்ள போகக் கூடாது. வருஷா வருஷம் செய்யறவ இந்த வருஷம் ஏன் செய்யலைன்னு யோசிச்சியா?"

"சோம்பேறித்தனம்."

"என் பிள்ளைங்க ரெண்டும் உசுரோட இருக்கான்னு எனக்குத் தெரியாது. மூட்டினா, செத்துட்டானுங்கன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்."

"ரெண்டுங்காதடி! ஒண்ணுன்னு சொல்லிப் பழகு."

மாரெட் அவனைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. செருப்பில் எதையோ மிதித்துவிட்டவள்போல் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அவனே மூட்டினான். கல் சூடேறியதும் காலிக் குடிசையின் வாசலில் நின்று ஒத்திகை வேறு பார்த்தான். "வாங்க வாங்க, உங்க வீடுதான் இது, எல்லாம் தயாரா இருக்கு." வேலியில் சாய்ந்திருந்த பக்கத்து வீட்டு குஸ்தாவ் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"யாருக்குண்ணே இந்த உபசாரம்?"

"கேப்டன் வராரு."

"வரட்டும், வரட்டும். போன மாசம் நம்ம கடற்கரையில நடந்த சண்டை எப்படின்னு கேட்டியா? கும்மிருட்டாம். நனைஞ்ச சட்டையெல்லாம் ஒண்ணு போலவே இருந்துச்சாம். ரெண்டு பக்கமும் நம்ம பசங்க, நம்ம பாஷையிலதான் கத்தியிருக்கானுங்க. எவன் எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்? இடது கையால தலையைத் தடவிப் பாத்தானுங்களாம். ஒட்ட வெட்டியிருந்தா ருஷ்யப் பட்டாளம், முடி இருந்தா ஜெர்மன் பட்டாளம். வலது கையில கத்தி தயாரா இருந்திருக்கு."

தாவெத் காதில் விழாதவன்போல் குடிசை வாசலைக் கூட்ட ஆரம்பித்தான்.

"உன் தலை கிடைச்சிருந்தா ரெண்டு பயலும் திண்டாடிப் போயிருப்பானுங்க" என்று சொல்லி குஸ்தாவ் வேலிக்கு இந்தப் பக்கம் துப்பினான்.

இப்போது தாவெத் பீர்க் குடத்தை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி, குனிந்து குடிசைக்குள் நுழைந்தான். விளக்கு கிடையாது. கடல் பக்கம் வெளிச்சம் தெரிந்தால் சுடுவோம் என்று உத்தரவு. புகையேறிக் கறுத்த சுவர்களுக்கு நடுவே, கன்னத்தில் அறைகிற வெக்கையில், தூரத்துப் பீரங்கி கதவை அடித்துச் சாத்துவதுபோல் விட்டு விட்டுக் கேட்க, உட்காரும் பலகை இரண்டில் கீழ்ப் பலகையில் முதுகைக் காட்டி ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியாமல் மூச்சில் தெரிந்தது. தாவெத் தன் "வாங்க வாங்க" வரியை ருஷ்ய பாஷையில் குழைந்து குழைந்து ஒப்பித்தான். பெரிய இடத்து ஆட்கள் பதில் சொல்வார்களா என்ன என்று சோப்பை எடுத்து முதுகைத் தேய்க்க ஆரம்பித்தான்.

முதுகு ஜில்லென்று இருந்தது. அந்த வெக்கையில், கல் வெடித்துவிடும் போலிருந்த அந்த வெக்கையில், கிணற்றுக் கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. தேய்க்கத் தேய்க்க விரலுக்கடியில் மணல் நெருடியது. ஊற்றினால் போனது. மறுபடியும் வந்தது. நடந்து வந்தாரில்லையா, கடற்கரை மணல்தான் என்று தாவெத் தலைக்குக் கையைக் கொண்டுபோனான். ஒட்ட வெட்டிய தலை. முள் முள்ளாகக் குத்தியது. அப்பாடா, ருஷ்யத் தலைதான்.

மேல் பலகையில் யாரோ அசைந்தார்கள்.

ஒன்றுமில்லை. கேப்டன் மேலே இருப்பார். கீழே இருப்பவன் அவருடைய எடுபிடி. மேலே உட்கார்ந்தவருக்கு முதலில் தேய்க்காமல் போனோமே என்று தாவெத் பதறிப்போய்க் கையை உயர்த்தினான். ஈர முடி கிடைத்தது. அடர்ந்த முடி. விரலில் சுருண்டு சுற்றிக்கொள்ளும் முடி. அதில் பாசி சிக்கியிருந்தது.

அப்போது வெளியே குதிரை கனைத்தது.

படல் கிறீச்சிட்டது. முற்றத்தில் பூட்ஸ் சத்தம். "ஏய் கிழவா! எங்கே என் வெந்நீர்?" கேப்டனின் குரல். வெளியிலிருந்து.

தாவெத்தின் கை அந்த முடியிலேயே நின்றுவிட்டது. இழுக்க வரவில்லை. கீழிருந்து ஒரு கை எழும்பி அவன் வழுக்கையில் படிந்தது. ஈரக் கை. நாலு விரல். ஐந்தாவது பாதி.

மேலிருந்து இன்னொரு கை வந்தது. இரண்டும் தடவ ஆரம்பித்தன.

"யாரது?" என்றது கீழே. அவர்கள் பாஷை. அவர்கள் வீட்டுப் பேச்சு.

"எந்தப் பக்கம்?" என்றது மேலே.

நான்தான்டா, உங்க அப்பன்டா. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஐயோ, என் பிள்ளைகளா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவனுக்கும் நெஞ்சு என்று ஒன்று இருந்தது, இத்தனை நாள் கழித்து.

பூட்ஸ் சத்தம் கதவுக்கு வெளியே வந்து நின்றது. "யாரோடு பேசுகிறாய்? உள்ளே யார்?"

நாக்கு தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது.

"யாரும் இல்லீங்க, கேப்டன். எனக்கு ஒரே மகன்தான்."

தலையிலிருந்த கைகள் நின்றன.

வெளியே மாரெட்டின் குரல் கேட்டது. உள்ளே பேசியது யாரென்று தெரிந்துகொண்டவளின் தணிந்த குரல். "வாங்க கேப்டன், வீட்டுக்குள்ள உக்காருங்க. அங்க போகக் கூடாது. செத்தவங்க குளிக்கறாங்க." பூட்ஸ் சத்தம் விலகிப் போனது. வீட்டுக் கதவு சாத்தப்பட்டது.

கைகள் மறுபடியும் அசைந்தன. நெற்றியிலிருந்து பிடரிக்கு. பிடரியிலிருந்து நெற்றிக்கு. பொறுமையாக. ஒரு முடியாவது கிடைக்காதா என்று.

"ஒண்ணும் தெரியலையே" என்றது கீழே.

"நல்லாத் தடவு."

இரண்டு கை. இரண்டும் இடது கை. வலது கைகள் எங்கே இருக்கின்றன என்று தாவெத் இருட்டில் பார்த்துக்கொண்டே இருந்தான்.