பெருமூச்சு விட்ட கார்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் தெருவில் எல்லோரும் ‘மேகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று பார்வை எங்கோ போய்விடும். ஆள் இங்கே, நினைப்பு வேறெங்கோ. நாலு தடவை கூப்பிட்டால்தான் இறங்கி வருவாள்.

மேகத்துக்கு ரொம்பப் பிடித்த இடம், அவர்கள் வீட்டுப் பழைய நீலக் காரின் பின்சீட்டு. மத்தியான வெயில் பின் கண்ணாடி வழியாக வந்து அந்த சீட்டில் படுத்துக்கிடக்கும். அவளும் அதன் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். கார் மெல்ல மிதக்க ஆரம்பிக்கும். ஒரு நாள் கடலுக்கு அடியில் போகும். மீன்கள் கண்ணாடியில் மூக்கை வைத்து எட்டிப் பார்க்கும். இன்னொரு நாள் மலைக்கு மேலே போகும். கையை நீட்டினால் விரல்கள் ஈரமாகும்.

இத்தனையும் வாசலில் நின்றபடியே! ஏனென்றால், நிஜத்தில் அந்தக் கார் ஒரு மாதமாக ஒழுங்காக எங்கேயும் போகவில்லை.

கிளம்பும்போது ஒரு குறையும் இருக்காது. சமர்த்தாக ஓடும். கடைத்தெருக் கோடியில் தையல் கடை வந்ததும் இருமும், திணறும், நின்றுவிடும். என்ன கெஞ்சினாலும் அசையாது. வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் விட்டால், கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

அதைச் சரிசெய்ய அப்பாவே இறங்கிவிட்டார். அப்பா பிளம்பர். “கார்னா என்ன பெரிய விஷயம்? உள்ள எல்லாம் குழாய்தானே!” என்பார். ஒழுகுவது என்றாலே அவருக்கு ஆகாது. விருந்துக்குப் போன வீட்டில்கூட, சொட்டுகிற குழாயைச் சரிசெய்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அம்மா வேலையிலிருந்து நடந்தே வந்தார். அவர் பல் மருத்துவரிடம் உதவியாளர். வெள்ளைக் கோட்டில் கறுப்பாக நாலு விரல் தடம். காரைத் தள்ளிய கையால் கோட்டைத் தொட்டிருக்கிறார்.

“தையல் கடைகிட்ட நிக்குது உங்க வண்டி. இனிமே என்னால முடியாதுங்க. பழைய இரும்புக்காரர்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்குக் காலைல வந்து இழுத்துட்டுப் போயிடுவார்.”

மேகம் அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். “இழுத்துட்டுப் போய் என்னம்மா செய்வாங்க?”

“பிரிச்சு எடுத்துடுவாங்க” என்று சொல்லிவிட்டு அம்மா முகம் கழுவப் போய்விட்டார்.

அப்பாவும் மேகமும் ஓடினார்கள். அப்பா பானெட்டைத் திறந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்தார். ஏர் ஃபில்டரைத் தட்டினார். பேட்டரி ஒயர்களை இறுக்கினார். கழுத்தில் அளவு நாடா தொங்க, தையல்காரர் கடையைவிட்டு வெளியே வந்தார்.

“இன்னைக்கும் நம்ம கடைதானா? பேசாம வண்டிக்கு ஒரு சட்டை தைச்சுக் கொடுத்துடட்டுமா?”

“சும்மா இருங்கண்ணே. நானே நொந்து போயிருக்கேன்.”

மேகம் பின்சீட்டில் படுத்துக் கூரையைப் பார்த்தாள். நாளைக்கு இந்தக் கூரை இருக்காது. கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க, அப்பா பின்பக்கம் வந்து டேங்க் மூடியைத் திருகினார். மேகத்தின் தலைக்குப் பின்னாலேயே ஒரு சத்தம் கேட்டது.

‘ஸ்ஸ்ஸ்ஸ்...’

கார் பெருமூச்சு விட்டது! ரொம்ப நேரம் அழுதுவிட்டு விடுகிற பெருமூச்சு. மேகம் எழுந்து உட்கார்ந்தாள். “அப்பா, சத்தம் கேட்டுச்சா?”

ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு அது காதில் விழவில்லை. “டேங்க் நிறைய இருக்கு. அப்புறம் என்னதான் கேடு இதுக்கு?” என்று மூடியை இறுக்கிவிட்டு, கோபத்தில் டயரை ஓர் உதை உதைத்தார். சாவியைத் திருப்பினார். கார் உடனே ஸ்டார்ட் ஆனது.

“பார்த்தியா! அடிச்சாத்தான் வழிக்கு வருது!”

அந்தச் சந்தோஷம் வீட்டுத் தெருமுனை வரைக்கும்கூட நீடிக்கவில்லை. கார் இருமியது, திணறியது, நின்றது. அப்பா இன்னொரு உதை விட்டார். கால்தான் வலித்தது.

தள்ளி முடித்து வாசலுக்கு வந்ததும், அப்பா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்துவிட்டார். “எனக்குத் தெரிஞ்சதெல்லாம் செஞ்சு பார்த்துட்டேம்மா” என்றார். அப்பா இவ்வளவு சின்னதாக உட்கார்ந்து மேகம் பார்த்ததே இல்லை.

அவள் பின்சீட்டுக்குள் போய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயில் வைத்தாள். குடித்தாள். குடித்துக்கொண்டே எங்கோ போய்விட்டாள். பாட்டிலிலிருந்து வாயை எடுக்கவே மறந்துவிட்டாள். மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில். இரண்டு பக்கமும் உள்ளே ஒடுங்கி, கடைசியில் தண்ணீர் வருவதே நின்றுவிட்டது. எவ்வளவு உறிஞ்சியும் ஒரு சொட்டு வரவில்லை. வாயை எடுத்தாள்.

‘ஸ்ஸ்ஸ்ஸ்...’

அதே பெருமூச்சு!

இந்தத் தடவை யாரும் கூப்பிடவில்லை. மேகம் தானாகவே இறங்கி ஓடிவந்தாள்.

“அப்பா! டேங்குக்குள்ள காத்து எந்த வழியாப் போகும்?”

“காத்து எதுக்கு? பெட்ரோல்தான் போகணும்.”

“இந்தத் தண்ணியைக் குடிங்க. ஆனா வாயை எடுக்கக் கூடாது.”

அப்பா குடித்தார். பாட்டில் ஒடுங்கியது. கன்னம் குழிய உறிஞ்சினார். தண்ணீர் வரவில்லை. கண்கள் மெல்லப் பெரிதாகின. வாயை எடுத்ததும் பாட்டில் ‘ஸ்ஸ்ஸ்’ என்றபடி நிமிர்ந்தது.

“நீங்க மூடியைத் திறந்தப்போ காரும் இப்படித்தாம்பா மூச்சு விட்டுச்சு. உடனே ஸ்டார்ட் ஆச்சே! நீங்க உதைச்சதால இல்லப்பா.”

அப்பா ஒரே பாய்ச்சலில் போய் மூடியைக் கழற்றினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஓர் இடம். அதில் வெள்ளையாக, கெட்டியாக ஏதோ அடைத்திருந்தது. அப்பாவின் முகம் மாறியது.

“இது... நான் வச்ச பசைம்மா.”

“நீங்களா?”

“போன மாசம் மழை வர்றதுக்கு முன்னாடி பார்த்தேன். ஓட்டையா இருந்துச்சு. தண்ணி இறங்கிடுமேன்னு அடைச்சேன். காத்துக்காகத்தான் அதை விட்டிருக்காங்கன்னு தோணவே இல்லை. ஐயோ, என் வண்டி மூக்கை நானே பொத்திட்டேனே!”

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே.”

மேகம் யோசித்தாள். “நான் சொல்ல மாட்டேம்பா. ஆனா நீங்களே சொன்னா அம்மா சிரிப்பாங்க. அம்மா சிரிச்சு எவ்வளவு நாளாச்சு!”

அப்பா மூடியை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார். “இங்க கொஞ்சம் வாயேன். ஒரு ஊக்கு வேணும்.”

அம்மா ஊக்கோடு வந்தார். அப்பா தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். அம்மா மூடியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“ஏங்க, சொத்தைப் பல்லை அடைக்கலாம். மூக்கையா அடைப்பாங்க?”

சொல்லிமுடிப்பதற்குள் அம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர அப்படிச் சிரித்தார். அப்பாவும் சிரித்துவிட்டார்.

பிறகு அம்மா வெளிச்சத்தில் மூடியைப் பிடித்து, ஊக்கு முனையால் பசையைத் துளித்துளியாகச் சுரண்டி எடுத்தார். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஊதிப் பார்த்தார். காற்று போனது.

மூன்று பேரும் காரில் ஏறினார்கள். கடைத்தெரு போனது. அந்தி வெளிச்சத்தில் தையல் கடை வந்தது. தையல்காரர் தள்ளுவதற்குத் தயாராகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டார். கார் மூச்சு விட்டுக்கொண்டே போனது.

“ஏய்! நிக்காமப் போறீங்களே!” என்று தையல்காரர் கத்தியது பின்னால் கேட்டது.

அந்தத் திருப்பத்துக்கு அப்பால் இருப்பது தபால் பெட்டியும் வரிசையாக நாலு மரங்களும்தான். மேகத்துக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அன்று பின்சீட்டில் படுத்துப் பார்த்தபோது, மரங்கள் ஒவ்வொன்றாகக் குனிந்து காருக்குள் எட்டிப் பார்த்தன. வானம் கண்ணாடி வழியாக நழுவி நழுவிப் போனது. இஞ்சின் சத்தம் தாலாட்டுப் போல இருந்தது. அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்! முன்சீட்டில் அம்மாவும் அப்பாவும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை பழைய இரும்புக்காரர் இழுவைச் சங்கிலியோடு வந்து சேர்ந்தார். வாசலில் கார் இல்லை. அப்பா மட்டும் நின்றிருந்தார்.

“வண்டி எங்க சார்?”

“மன்னிச்சுக்குங்க. அம்மாவும் பொண்ணும் எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“எங்க போயிருக்காங்க? பக்கத்துலன்னா அங்கேயே போய் எடுத்துக்கறேன். எங்கயாவது நிக்கும் இல்ல?”

அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: “அதாங்க, நேத்திலேர்ந்து அது எங்கயுமே நிக்க மாட்டேங்குது!”