நான்கு நொடி

ஆறாவது வட்டம் தாமதமாக வந்தது.

முதல் ஐந்தும் ஒழுங்காகத்தான் வந்தன. திரையின் நடுவே ஒரு செல்போன் கோபுரம், அதன் உச்சியில் ஒரு புள்ளி, அந்தப் புள்ளியிலிருந்து நீலமாக ஓர் அலை கிளம்பி, வட்டமாக விரிந்து, திரையின் ஓரத்தைத் தொடும்போது மங்கிப் போகும். அது மங்குவதற்குள் அடுத்தது கிளம்பிவிடும். ஆறாவது மட்டும் கிளம்ப யோசித்தது. புள்ளி அசையாமல் நின்றது. பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல ஒரு வட்டத்தை வெளியே தள்ளியது. அதே நேரம் பக்கத்து அறையில் அக்கா இருமினாள்.

கம்ப்யூட்டர் திணறுகிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். ஆறு வருஷத்துப் பழைய பெட்டி, திணறாமல் என்ன செய்யும்?

அவனுடைய பிழைப்பே அலைதான். போன் கம்பெனி, வைஃபை, நிலநடுக்கச் செய்தி, காது கேட்கும் கருவி என்று யாருக்கு அலை பரவுவதைக் காட்ட வேண்டியிருந்தாலும் அசையும் படம் செய்யும் மோஷன் கிராஃபிக்ஸ் வேலை அவனிடம் வந்து சேரும். இதனால் அக்கா அவனுக்கு 'வட்டம்' என்று பெயர் வைத்துவிட்டாள். "இவ்வளவு பெரிய படிப்பு படிச்சு, இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வாங்கி, கடைசியில வட்டம்தானே போடறே? ஒரு தட்டைக் கவுத்து வெச்சா நானே போடுவேன்" என்பாள். அவளே சிரித்தும் கொள்வாள்.

அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. அம்மா அப்பா போன பிறகு ரெடிமேட் கம்பெனியில் முப்பது வருஷம் துணி வெட்டி அவனை ஆளாக்கியவள் அவள்தான். அவனுடைய முதல் கம்ப்யூட்டர் அந்தக் கத்தரிக்கோல் வாங்கிக் கொடுத்தது. வெட்டிய துணியின் பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக அவள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் உடம்பாகி, இரண்டு மாதம் முன்பு டாக்டர், "இனிமே வீட்டுலயே வெச்சுப் பாத்துக்கங்க" என்று அனுப்பிவிட்டார். இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் நாள் முழுக்க உறுமுகிறது. முகத்தில் மாஸ்க், விரல் நுனியில், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று எண் காட்டும் கிளிப்.

வீட்டுக்கு வந்த அன்றே மாஸ்கை இறக்கிவிட்டுச் சொன்னாள். "இங்க பாரு வட்டம். மூச்சு நிக்கிறப்ப நிக்கட்டும். குழாயைப் போட்டு இழுத்துப் பிடிச்சு வைக்கிற வேலை மட்டும் வேணாம். சத்தியம் பண்ணு."

அவளுடைய உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தான். அந்த நாள் எங்கோ தொலைவில் இருக்கிறது என்ற தைரியம்தான்.

படத்தைத் திரும்ப ஓடவிட்டான். இந்த முறை மூன்றாவது வட்டம் தாமதம். ஒரே படம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி ஓடாது. இந்த வட்டங்களுக்குள் இருப்பது என்னவென்று அவனுக்குத்தான் தெரியும்.

விளம்பரக் கம்பெனிக்காரர் இந்தப் படத்தை நான்கு முறை திருப்பி அனுப்பியிருந்தார். "எல்லாம் கரெக்டா இருக்கு சார், ஆனா உயிர் இல்லை" என்றார். ஒரே இடைவெளியில் வரும் வட்டத்தில் உயிர் இருக்காதுதான். அதற்கு ஒரு வழி உண்டு: ஒரு சத்தத்தைக் கொடுத்துவிட்டால், அது ஏறும்போது வட்டம் ஏறும், இறங்கும்போது இறங்கும். நேற்று மதியம் அக்கா தூங்கும்போது தலையணையில் போனை வைத்து, அவள் மூச்சை இரண்டு நிமிடம் பதிவுசெய்தான். திருடுவதுபோலத்தான் இருந்தது. அந்த மூச்சைக் கோபுரத்துக்குக் கொடுத்து அனுப்பினான். "இப்ப வந்துடுச்சு சார் உயிர்" என்றார் அவர்.

எழுந்து போய் இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த வாசலில் நின்றான். அங்கிருந்து திரையும் தெரியும், கட்டிலும் தெரியும். திரையில் நிறம் சரியாகத் தெரிவதற்காகத் திரைச்சீலைகளைச் சாத்தி வைத்திருந்ததால் மாலை ஐந்து மணிக்கே வீடு இருண்டு கிடந்தது. தைலமும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாடை. போர்வை உயர்ந்தது, வட்டம் விரிந்தது. போர்வை தாழ்ந்தது, வட்டம் மங்கியது. அக்கா இரண்டு முறை இருமினாள். கோபுரத்திலிருந்து இரண்டு வட்டங்கள் முட்டி மோதிக்கொண்டு வந்தன.

மைக் எதுவும் மாட்டியிருக்கவில்லை. ஓடுவது நேற்றைய பதிவு. நேற்றைய மூச்சு எப்படி இன்றைய இருமலை இருமும்?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். ஸ்பேஸ் பாரைத் தட்டினான். படம் நின்றது.

பக்கத்து அறையில் மூச்சுச் சத்தமும் நின்றது.

மெஷின் மட்டும் உறுமியது. வேறு சத்தமில்லை. திரையில் பாதி விரிந்த வட்டம். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

மறுபடி தட்டினான். தண்ணீருக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தவள்போல அக்கா காற்றை இழுத்தாள். அவன் ஓடினான்.

"என்னடா இது?" என்றாள், மாஸ்குக்குள்ளிருந்து. "யாரோ மூக்கைப் பொத்தின மாதிரி இருந்துச்சு."

"கனவா இருக்கும்க்கா."

"முழிச்சுக்கிட்டுத்தானடா இருக்கேன்."

மறுபடி திரைக்கு முன்னால் வந்தான். படத்துக்குக் கீழே, நேரம் ஓடுவதைக் காட்டும் டைம்லைனில் பதிவின் சத்தம் மலை மலையாக வரைந்திருக்கும். இரண்டு நிமிடப் பதிவு உள்ளங்கை நீளம்தான் இருக்க வேண்டும். இப்போது அது திரையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. தள்ளினான். மலைகள், குன்றுகள், மண்மேடுகள். இன்னும் தள்ளினான். மேடுகளுக்கு நடுவே நீண்ட இடைவெளிகள். பிறகு ஒரு கோடு. ஏற்றமில்லாத, இறக்கமில்லாத, நேர்க்கோடு. அதற்கப்புறம் எதுவும் இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும் இடத்தைக் காட்டும் சிவப்புக் கோடு அதை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. கணக்குப் பார்த்தான். நாற்பது நிமிடம்.

நர்ஸம்மாவுக்குப் போன் போட்டான். காலையில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்.

"கிளிப்ல எவ்வளவு காட்டுது?"

"எண்பத்தெட்டு."

"நேத்தும் அதானே தம்பி. பதறாதீங்க. ஆறு மணிக்குக் கூப்பிடறேன்."

நாற்பது நிமிடத்தில் நின்றுவிடும், கம்ப்யூட்டரில் பார்த்தேன் என்று எந்த வாயால் சொல்வான்? போனை வைத்துவிட்டு, தெரிந்த வித்தையையெல்லாம் காட்டினான். நேற்றைய பதிவை மறுபடி கொண்டுவந்து பின்னால் ஒட்டிப் பார்த்தான், ஒட்டவில்லை. சத்தத்தைக் கூட்டினான், அக்காவின் நெஞ்சைக் கட்டிலோடு தூக்கிப் போட்டது, பதறி இறக்கினான். சிவப்புக் கோட்டைப் பின்னால் இழுத்தான். அவள் முனகிய முனகலில் கையை எடுத்துவிட்டான்.

"வட்டம்" என்று கூப்பிட்டாள். "இங்க வந்து உக்காருடா."

"இதோ வரேன்க்கா. அஞ்சு நிமிஷம்."

இருபது வருஷமாக அவளுக்குச் சொல்லிவரும் அதே அஞ்சு நிமிஷம்.

என்ன செய்திருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், நாற்பது நிமிடமும். அவன் அடித்துச் சத்தியம் செய்த கைதானே அது? ஆனால் அவளில்லாத வீட்டை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. நிற்கிற ஒன்றை நிற்காமல் ஓடவைக்கத்தான் அவனுக்குத் தெரியும், அதைத்தான் நாள்தோறும் செய்கிறான்.

லூப்.

தொடக்கமும் முடிவும் ஒரே உயரத்தில் இருக்கும் ஒரு சின்னத் துண்டை எடுத்து, முடிந்ததும் தொடக்கத்துக்கே தாவச் சொன்னால் போதும். ஒட்டுத் தெரியாது. காலத்துக்கும் ஓடும். அவளுக்கு மிச்சமிருக்கும் ஒரு நொடியைக்கூட விட மனமில்லாமல், நேர்க்கோட்டுக்குச் சற்று முன்னால் தேடினான். மேடுகளுக்கிடையே ஒரு நல்ல மூச்சு அகப்பட்டது. ஆழமாக ஏறி, அழகாக இறங்கி, ஏறிய இடத்திலேயே வந்து சேர்ந்தது. நான்கு நொடி. இரண்டு பக்கமும் அடையாளம் வைத்தான். அந்த நான்கு நொடியில் அவள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று யோசிக்கவில்லை. சத்தத்தின் மேடு பள்ளத்தை மட்டுமே பார்த்தான்.

"வட்டம்."

"இதோ."

சிவப்புக் கோடு நகர்ந்தது. கண்ணை எடுத்தால் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து, எழவில்லை. வட்டங்கள் சிறுத்தன. இடைவெளிகள் நீண்டன. மூன்றாவது முறை அவள் கூப்பிட்டபோது பெயரின் பின்பாதி வெளியே வரவில்லை.

சிவப்புக் கோடு அடையாளத்துக்குள் நுழைந்தது. ஒரு நல்ல மூச்சு. இறக்கம். முடிவு. தாவியது.

மறுபடி வட்டம் விரிந்தது. மறுபடி. மறுபடி. நேர்க்கோடு அங்கேயே கிடந்தது, அதை யாரும் தொடவில்லை. பக்கத்து அறையிலிருந்து மூச்சு சீராக வந்தது. அவன் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

போன் அடித்தது. நர்ஸம்மா. வாசல் வழியாக இருட்டில் கிளிப்பின் எண் சிவப்பாகத் தெரிந்தது.

"தொண்ணூத்தொண்ணு."

"அட, பரவாயில்லையே. ஏறி இறங்குதா?"

"இல்ல. ஒரே சீரா இருக்கு."

"அப்ப நல்லாத் தூங்கட்டும் தம்பி. எழுப்பாதீங்க. காலையில வரேன்."

வெளியே வெளிச்சம் முழுக்கப் போயிருந்தது. விளக்கைப் போடாமலே அக்காவிடம் போனான். திரையின் நீலம் வாசல் வழியாக வந்து கட்டிலின் மேல் விரிந்து விரிந்து மங்கியது.

"அக்கா, வந்துட்டேன்."

அவள் தூங்கவில்லை. கண் திறந்திருந்தது, அவனையே பார்த்தது. வலது கை போர்வையிலிருந்து எழுந்தது. உதடுகள் அவன் பெயரின் முதல் எழுத்துக்குத் திறந்தன. இடது கண்ணோரத்தில் ஒரு துளி புறப்பட்டு மாஸ்கின் விளிம்பு வரை வந்தது. எழுந்த கையின் விரல்கள் அந்த விளிம்பைத் தொட்டன. கழற்றப் போகிறாள் என்று புரிந்தது.

கை போர்வையில் இருந்தது.

அது இறங்கியதை அவன் பார்க்கவில்லை. துளி கண்ணோரத்தில் இருந்தது. உதடு மூடியிருந்தது. கை எழுந்தது. உதடு திறந்தது. துளி வழிந்தது. விரல் விளிம்பைத் தொட்டது.

கை போர்வையில்.

"அக்கா. அக்கா, சொல்லு. என்ன வேணும்?"

எழுந்தது. திறந்தது. வழிந்தது. தொட்டது.

போர்வையில்.

அடுத்த முறை எழுந்தபோது அந்தக் கையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தான். சில்லென்று இருந்தது. எலும்பு தெரிந்தது. விடவே கூடாது என்று பிடித்தான். ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கு. அவன் கைகள் வெறும் காற்றைப் பிடித்திருந்தன. அவள் கை போர்வையில் கிடந்தது.

பின்னால் நகர்ந்தான். வாசற்காலில் இடித்துக்கொண்டான். திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து ஸ்பேஸ் பாரின் மேல் விரலை வைத்தான். ஒரு தட்டு. அவள் கேட்டதும் அதுதான், இவன் சத்தியம் செய்ததும் அதுதான். விரல் இறங்கவில்லை. அழுத்தினால் கொன்றவன். அழுத்தாவிட்டால் இதுதான், நாளைக்கும், நாளை மறுநாளும்.

திரும்பி வாசல் வழியாகப் பார்த்தான்.

கை எழுந்தது, விழுந்தது. உதடு திறந்தது, மூடியது. துளி வழிந்தது, கண்ணோரத்துக்கே போனது. எல்லாம் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்தன. கண்கள் மட்டும் வரவில்லை. கட்டிலருகே அவன் நின்ற இடத்தை விட்டு, வாசலைத் தாண்டி, இருட்டுக்குள் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி வரை அவை அவன் பின்னாலேயே வந்திருந்தன.

"இதோ வரேன்க்கா" என்றான். "அஞ்சு நிமிஷம்."

கை எழுந்தது.