குயிலி பிழைத்த பிரதிகள்

குயிலி மறுபடியும் பிழைத்துக்கொண்டாள்.

ஜெசிந்தா வாசிப்பலகையைத் தூக்கிச் சோபாவில் வீசினாள். 'காய்ச்சல் மாதம்' நாவலின் அந்த அத்தியாயத்தை எத்தனை தடவை படித்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழந்தை குயிலிக்கு மூச்சுத் திணறும், நர்ஸ் ஓடி வருவாள், அம்மா சுவரில் சாய்வாள். அந்த இடத்தில் திரையில் எழுத்துகள் லேசாக நடுங்கும். அவ்வளவுதான். அடுத்த வரியில் குழந்தை கண்ணைத் திறந்து கஞ்சி கேட்கும். ஒரு தடவை கஞ்சி, ஒரு தடவை மாம்பழம். இன்றைக்கு ஐஸ்கிரீம்.

"ஐஸ்கிரீமாம்! மூளைக் காய்ச்சல்ல கிடந்த பிள்ள எந்திரிச்சு ஐஸ்கிரீம் கேக்காம்!" என்று ஆளில்லாத வீட்டில் கத்தினாள்.

வாசிப்பலகையின் ஓரத்தில், கட்டைவிரல் படும் இடத்தில், நாடிக்கண் இருக்கிறது. விரலை எடுத்தால் பக்கம் இருண்டுவிடும். விரல் இருக்கும்வரை அது துடிப்பையும் வியர்வையையும் பார்த்து உள்ளே இருக்கும் இதமி என்ற எழுத்து இயந்திரத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். படிக்கிறவர் தாங்கமாட்டார் என்று பட்டால் இதமி அடுத்து வரும் வரிகளை மாற்றி எழுதிவிடும், அதுவும் எழுதியவரின் நடையிலேயே. நாவல் படித்து யாரும் நொறுங்கிப்போகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வந்த ஏற்பாடு. அச்சுப் புத்தகம் நின்று ஒரு தலைமுறை ஆகிவிட்டதால் வேறு வழியும் கிடையாது. எது அசல் வரி, எது மாற்றிய வரி என்று பலகை காட்டிக்கொள்ளாது. நல்லது செய்கிறவர்களுக்கு அடக்கம் அதிகம்.

ஜெசிந்தாவின் மகள் மெரின் ஆறு வயதில் மூளைக் காய்ச்சலில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு ஜெசிந்தா படித்த எந்த நாவலிலும் ஒரு குழந்தைகூடச் சாகவில்லை. கிணற்றில் விழுந்தவை மிதந்தன. லாரியின் குறுக்கே ஓடியவை சிராய்ப்போடு தப்பின. போரில் காணாமல் போனவை கடைசி அத்தியாயத்தில் வாசல் கதவைத் தட்டின. எழுதப்பட்ட அத்தனை தாய்மார்களுக்கும் பிள்ளை திரும்பக் கிடைத்தது, இவளுக்கு மட்டும் கிடைக்கவில்லை. கதையில்கூடத் தனக்கொரு துணை இல்லை என்பது அவளை உள்ளுக்குள் அறுத்தது. ஒரே ஒரு தாய் போதும். பிள்ளையைக் குழிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, அதன் செருப்பை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் ஒரு தாயை அவள் படிக்க வேண்டும்.

சேவை மையத்தைக் கூப்பிட்டுச் சண்டையும் போட்டுப் பார்த்தாள். மறுமுனையில் பேசிய பெண்ணின் குரல் தேனாக ஒழுகியது.

"ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க தாங்குற அளவுதாங்க மேடம். உங்க இழப்புக்கு எங்களோட அனுதாபங்கள்."

"அனுதாபத்த நீங்களே வச்சிக்கிடுங்க. எனக்கு அந்தப் பக்கத்தக் குடுங்க."

"உங்க நாடி அமைதியானா தானா வரும் மேடம்."

தாங்கும் அளவு என்று அந்தப் பெண் சொன்னதை ஜெசிந்தா ஒரேவிதமாகத்தான் புரிந்துகொண்டாள். மற்றவர்களெல்லாம் தாங்குகிறார்கள், தன்னால்தான் முடியவில்லை.

அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. தூத்துக்குடித் துறைமுக நூலகத்தின் மாடியில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்தில் அவளும் ஓர் உறுப்பினர். அங்கே ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. கதையைச் சொல்லக் கூடாது, பாதிப்பை மட்டும்தான் சொல்ல வேண்டும். இன்னும் படித்து முடிக்காதவர் யாராவது இருப்பார், அவருக்கு முடிவைப் போட்டு உடைத்துவிடக் கூடாதே. ஆகவே எல்லாரும் பாதிப்பைச் சொன்னார்கள். வட்டத்தை நடத்தும் சங்கரவடிவு டீச்சர், 'காய்ச்சல் மாதம்' படித்த வாரம் சோறு இறங்கவில்லை என்றார். கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற இசக்கியப்பன் அண்ணாச்சி, "புயல்ல மாட்டுனப்பகூட எனக்கு இப்பிடி இருந்ததில்ல" என்று நெஞ்சைத் தடவினார். 'இந்த ஆண்டின் மிக இருண்ட நாவல்' என்று அட்டையிலேயே போட்டிருந்தது. ஜெசிந்தாவின் முறை வந்தபோது, நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அப்போதுதான் பிளாரன்ஸ் மைனி ஞாபகத்துக்கு வந்தாள்.

பிளாரன்ஸ், ஜெசிந்தாவுடைய அண்ணனின் மனைவி. மாடிவீட்டில் குடியிருக்கிறாள். மீன் ஏலக்கூடத்தில் ஏலம் விடுகிற வேலை. ஒரு சீலா மீனுக்காக இரண்டு வியாபாரிகள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் குரல் மாறாமல் விலையைச் சொல்லிக்கொண்டே போவாள். மெரின் இறந்த அன்று அவளைக் குளிப்பாட்டி, வெள்ளைக் கவுன் போட்டு, தலை சீவிவிட்டவள் அவள்தான். அன்றைக்கு வந்த கூட்டத்துக்கு டீ போட்டதும் அவள்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்லு மனசுக்காரி என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் ஜெசிந்தாவுக்கும் அதே எண்ணம்தான்.

ஏலம் முடிந்து மத்தியானம் வந்தவளை ஜெசிந்தா படிக்கட்டிலேயே மறித்தாள்.

"மைனி, ஒரு ஒதவி. இந்தப் பலகைல வெரல மட்டும் வச்சிட்டு இருங்க. நீங்க படிக்க வேண்டாம். நான் பக்கத்துல இருந்து படிச்சிக்கிடுதேன்."

"என்னத்துக்குட்டி? ஒனக்கு வெரல் இல்லையா?"

"என் வெரல் அழுதுரும் மைனி. உங்க வெரல் அழாது."

பிளாரன்ஸ் ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து கட்டைவிரலை வைத்தாள். எழுத்துகள் துலங்கின. ஜெசிந்தா அவள் தோளை ஒட்டி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். பரபரப்பில், தன்னை அறியாமலே வாய்விட்டுப் படித்தாள்.

மூச்சுத் திணறல் வந்தது. நர்ஸ் ஓடி வந்தாள். அம்மா சுவரில் சாய்ந்தாள். எழுத்துகள் நடுங்கவில்லை. "குயிலியின் கை அவள் கைக்குள் இருந்தது. அது பிடிப்பதை நிறுத்தியிருந்தது" என்று இருந்தது. இந்த வரியை ஜெசிந்தா இதற்கு முன் பார்த்ததே இல்லை. கடைசியில் வந்துவிட்டது. "யாரோ நேரத்தைக் குறித்துக்கொண்டார்கள். அவள்" என்று அடுத்த வரியைத் தொடங்கினாள்.

எழுத்துகள் நடுங்கின. "அவள் கைக்குள் அந்தச் சின்ன விரல்கள் மெல்ல அசைந்தன. அம்மா, பசிக்குது என்றாள் குயிலி."

"மைனி! வெரல அசைச்சீங்களா?"

பிளாரன்ஸ் விரலை அசைக்கவில்லை. அழுத்தித்தான் வைத்திருந்தாள். நகம் வெளுத்திருந்தது. அவள் பார்வை திரையில் இல்லை, எதிர்ச் சுவரில் இருந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு, உடம்பு முழுக்கக் குலுங்க, சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"நீ உடைஞ்சு கெடந்தியேட்டி," என்றாள் ஒருவழியாக. "நானும் ஒக்காந்து அழுதா ஒன்ன யாரு பாக்க? அப்புறம் அழுவம்னு வச்சேன். அப்புறம் வரவே இல்ல. இன்னைக்கு நீ படிக்கயில வருது."

ஜெசிந்தா பலகையைத் தள்ளிவிட்டு மைனியைக் கட்டிக்கொண்டாள். இந்த மனுஷியையா கல்லு என்று நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது. இரண்டு பேரும் அழுது ஓய்ந்த பிறகுதான் அவளுக்கு மண்டையில் உறைத்தது. மைனியின் விரலே தாங்கவில்லை என்றால், இந்த ஊரில் யாருடைய விரல் தாங்கியிருக்கும்?

அடுத்த கூட்டத்துக்கு அவள் பிளாரன்ஸையும் அழைத்துக்கொண்டு போனாள். டீச்சர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து வழக்கத்தை உடைத்தாள்.

"என் புஸ்தகத்துல குயிலி சாகல. ஐஸ்கிரீம் கேக்கா. உங்க எல்லாருக்கும் எப்படி முடிஞ்சுது?"

"ஜெசிந்தா, கதைய சொல்லக் கூடாதும்மா," என்றார் டீச்சர்.

"இன்னைக்கு ஒரு நாள் சொல்லுவோம் டீச்சர். சோறு எறங்கலன்னு சொன்னீங்கல்லா? எந்த வரில எறங்கல?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் இசக்கியப்பன் அண்ணாச்சிதான் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு அந்தப் பிள்ள பள்ளிக்கூடத்துக்குப் போகுதும்மா. ஆண்டுவிழாவுல டான்ஸ் ஆடுது. எனக்கு ரெண்டு தடவ நெஞ்சு அடைச்சிருக்கு, அதனாலதான் எனக்குக் கொறச்சிக் குடுக்கான்னு நெனச்சேன். உங்களுக்கெல்லாம் அசல் வந்திருக்கும், நாம மட்டும் எப்படிச் சொல்லன்னு..." அவர் முடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருவருக்குக் குழந்தை கிளி வளர்த்தது. ஒருவருக்கு நோயே ஜலதோஷமாக மாறியிருந்தது. டீச்சருடைய பிரதியில் குயிலி கலெக்டராகவே ஆகியிருந்தாள். இருண்ட நாவலின் இருட்டை அந்த அறையில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. பக்கத்தில் இருப்பவர் பார்த்திருப்பார் என்று நம்பி எல்லாரும் மாதாமாதம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். நெஞ்சு அசையாதவருக்கு மட்டுமே அசல் பக்கம் கிடைக்கும். நெஞ்சு அசையாதவர் நாவல் படிக்க உட்காருவதில்லை. எழுதியவரைத் தவிர அந்த நாவலை யாருமே படித்ததில்லை.

யாரோ ஒருவர் சிரித்தார். சிரிப்பு பரவிப் பாதியிலேயே செத்துப்போனது.

"இனி யாரும் பலகையத் தொடாதீய," என்றாள் ஜெசிந்தா. "நடந்தது ஒண்ணு என்கிட்ட இருக்கு. என் மவ கத. நான் சொல்லுதேன், நீங்க கேளுங்க. நடுவுல எவன் வந்து மாத்துதான்னு பாப்போம்."

அவள் நின்றுகொண்டே சொன்னாள். செவ்வாய்க்கிழமை காலையில் மெரின் இட்லியைத் தொடாமல் வைத்ததையும், நடிக்கிறாள் என்று தான் முதுகில் ஒன்று வைத்ததையும் சொன்னாள். வெயில் காய்ச்சல் என்று மருந்து கொடுத்துப் படுக்கப் போட்டதையும், கழுத்து விறைத்துப்போனதையும், வண்டி வரத் தாமதமானதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். முன்வரிசையில் இருந்த பிளாரன்ஸ் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் உடைய ஆரம்பித்ததை ஜெசிந்தா பார்த்தாள். அதைப் பார்த்துக்கொண்டே அடுத்த வார்த்தைக்கு வந்தாள்.

"கடைசில வலியே தெரியாமத்தான் போனா. தூங்குத மாதிரி இருந்துச்சு."

அறை மூச்சு விட்டது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றியோடு தலையாட்டினார். அண்ணாச்சியின் தோள்கள் தளர்ந்தன. பிளாரன்ஸின் முகம்கூடக் கொஞ்சம் ஆறியது. அந்த ஆறுதல் ஜெசிந்தாவுக்கும் இதமாக இருந்தது. உட்காரப் போனவள் பாதியில் நின்றாள்.

மெரின் அப்படிப் போகவில்லை. கடைசிவரை உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. ஒரு கையை ஜெசிந்தாவும் ஒரு கையை பிளாரன்ஸும் பிடித்திருந்தார்கள். குழந்தை அம்மா, அம்மா என்று கத்திக்கொண்டேதான் போனது. இங்கே பலகையும் இல்லை, நாடிக்கண்ணும் இல்லை. எதிரே ஒரு முகம் உடைகிறது என்றதும் தன் வாயே வரியை மாற்றிவிட்டது. அந்த இயந்திரம் இந்த வேலையை யாரிடம் கற்றுக்கொண்டது என்று இனி யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாவு வீட்டில் ஆறுதல் சொன்ன அத்தனை பேரிடமும் கற்றிருக்கிறது. தன்னிடமும்தான். அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"இப்ப சொன்னது பொய்யி," என்றாள். "அவ அப்படிப் போகல."

"போதும்மா ஜெசிந்தா," டீச்சர் பதறி எழுந்தார். "விட்டுரு, எங்களுக்குப் புரியுது."

"உங்களுக்குப் புரியல டீச்சர். நான் இன்னும் சொல்லவே இல்ல. ஒக்காருங்க."

பிளாரன்ஸ் சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். இப்போது மறைக்காமல் அழுதுகொண்டிருந்தாள்.

"மொதல்லருந்து சொல்லுட்டி," என்றாள். "எனக்காவ ஒண்ணையும் மாத்தாத. நீ எங்கயாது விட்டேன்னா நான் சொல்லுவேன். நானுந்தான பிடிச்சிட்டு இருந்தேன்."

ஜெசிந்தா நிமிர்ந்து நின்று, செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து திரும்ப ஆரம்பித்தாள்.