ஏழு முயல்களும் ஒரு துண்டும்

காலை ஆறே முக்கால். காக்ஸ் டவுனில் ஓஸ்வால்ட் வீட்டுப் பின்பக்கக் கூண்டில் மூன்று குட்டி முயல்கள் விறைத்துக் கிடந்தன. மூக்கோரம் ரத்தம். மற்ற நான்கும் அதே கூண்டில் கீரை மென்றுகொண்டிருந்தன.

ஏழரைக்குக் கால்நடை மருத்துவர் சங்கமித்ரா வந்தபோது ஓஸ்வால்ட் போலீசுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். மனைவி போன பிறகு அந்த ரிடையர்டு வாத்தியாருக்குத் துணை இந்த முயல்கள்தான். கூண்டு நாறுகிறது என்று சண்டை போட்ட பக்கத்து வீட்டுக் காந்தா, நேற்று மாலை வலிய வந்து கீரை கொடுத்தாராம். அதில் விஷம் என்று சாதித்தார் ஓஸ்வால்ட்.

மதிலுக்கு அப்பால் காந்தா கண்கலங்கி நின்றார். "சண்டை போட்டது நிஜம். சமாதானமாப் போலாம்னுதான் கீரை குடுத்தேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சங்கமித்ரா ஒன்றை அறுத்துப் பார்த்தார். ஈரல் வெளிறியிருந்தது, நுரையீரலெங்கும் ரத்தக் கசிவு. விஷமாகத் தெரியவில்லை. முயல்களை ஓரிரு நாளில் கொன்றுவிடும் வைரஸ் நோய். லேப் முடிவு வந்தால் உறுதியாகும். ஆனால் ஏழுக்கும் தடுப்பூசி போட்டிருந்ததே?

போட்டவர் எதிர்வீட்டுக் குணசேகர். கோலார் தங்கவயலில் கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டராக இருந்தவர். தெருவின் நாய் பூனைகளுக்கெல்லாம் காசு வாங்காமல் ஊசி போடுகிறவர். அழைத்ததும் வந்தார். ஸ்வெட்டர் பைகளில் கைகளை விட்டபடியே நின்றார்.

"எப்ப போட்டீங்க சார்?"

"மூணு வாரம் ஆச்சும்மா."

"ஏழுக்குமா?"

"ஏழுக்கும். பாட்டில்ல சொட்டு மிச்சமில்ல."

முயல்களைப் பிடித்துக்கொண்டது தான்தான் என்றார் ஓஸ்வால்ட். கடைசி மூன்றுக்கும் பிடரியில் ஸ்பிரிட் அதிகமாகி நனைந்துவிட்டதால் தானே துண்டால் துடைத்துவிட்டதாகவும் சொன்னார்.

சங்கமித்ரா உயிரோடிருந்த நான்கின் பிடரியையும் தடவினார். ஒவ்வொன்றிலும் தோலுக்கடியில் மிளகளவு கட்டி. செத்த மூன்றில் இல்லை.

மணி எட்டு பத்து.

"ஸ்பிரிட்டுக்குத் துண்டு வேணாம் சார், அதுவே காஞ்சிடும்," என்றார் ஓஸ்வால்டிடம். "நீங்க துடைச்சது மருந்து. தூக்கிப் பிடிச்ச தோல்ல ஊசி இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வெளிய வந்திருக்கு. உள்ள இறங்கியிருந்தா அதுங்களுக்கும் இந்தக் கட்டி இருந்திருக்கும். காந்தாம்மா மேல தப்பே இல்ல."

பிறகு குணசேகரிடம் திரும்பினார். கேட்கவே சங்கடமாக இருந்தது. "கையைக் காட்டுங்க சார்."

அவர் மெல்ல வெளியே எடுத்தார். வலது கை நடுங்கியது. இடது கையால் அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை.

"மொதல் நாலும் சரியாப் போச்சு. அப்புறம் கை ஓஞ்சிடுச்சு. ஈரத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுது. சொன்னா இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்களேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

காந்தாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகக் கூறிவிட்டுக் குணசேகர் தெருவில் இறங்கினார்.

பழி போட்டது தான்தானே என்று ஓஸ்வால்டுக்கு உறைத்தது. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். காந்தா வீட்டுக் கேட்டருகே, தாழ்ப்பாளோடு தடுமாறிக்கொண்டிருந்த அந்தக் கையை விலக்கி, தானே திறந்தார்.